பழசாகாத சட்டைகள்

உம்மே ஹானி யார் வீட்டு வாசலில் போய் நின்றாலும் முதலில் ஆளைப் பார்க்க மாட்டாள். குனிந்து கால்மிதியைப் பார்ப்பாள். ஆள் எங்கே ஓடிவிடப் போகிறார்? மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. மயிலாப்பூரில் குளத்தைச் சுற்றி எத்தனை அடுக்குமாடி உண்டோ அத்தனையிலும் ஏறி இறங்கிவிட்டாள். "பழந்துணி இருக்காம்மா, கால்மிதி நெய்யறதுக்கு" என்று கேட்பது வெறும் சாக்கு. வாய் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் தரையில் ஓடும். சில வாட்ச்மேன்கள் பாவம் என்று விட்டார்கள். சிலர் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அதற்கெல்லாம் வெட்கப்படுகிற நிலையில் அவள் இல்லை.

அவள் தேடியது ஒரே ஒரு விரிப்பை. மற்ற கால்மிதிகளின் அகலம்தான், நீளம் மட்டும் இரண்டு மடங்கு. ஒரு முனை முழுக்க மஞ்சள். செத்துப்போன மகனுடைய சட்டைகளை வெட்டி அவளே நெய்தது. அது விற்கிற கால்மிதிகளோடு கலந்து, யார் வீட்டுக்கோ போய்விட்டது. எப்படியாவது அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குமேல் அவள் எதையும் வேண்டவில்லை.

அவள் நெய்ய ஆரம்பித்ததே வெள்ளத்தில்தான். கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டின ஹவுசிங் போர்டு குடியிருப்பில் கீழ்வீடு அவளுடையது. அந்த டிசம்பரில் ஆறு கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, கட்டில், பீரோ, மிக்ஸி எல்லாவற்றையும் சேற்றில் முக்கிவிட்டுப் போயிற்று. பின்னாலேயே நிவாரணம் வந்தது. அரிசி வந்தது, போர்வை வந்தது. கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். கூடவே பழந்துணியும் வந்தது, லாரி லாரியாக. வீட்டைச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று ஊரே நினைத்துவிட்டது போலிருக்கிறது. ஜிப்பு போன பேன்ட், ஒரு கை இல்லாத ஸ்வெட்டர், யாரோ கல்யாண வரவேற்புக்குப் போட்ட கோட்டு, கம்பெனிப் பெயர் அச்சடித்த பனியன்கள். யாரும் தொடாமல் தெருமுனையில் மலையாகக் குவிந்து, மழையில் ஊறி நாறியது.

ஹானிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "நம்பள இன்னான்னு நெனச்சுக்கினாங்க இவங்கல்லாம்?" என்று திட்டிக்கொண்டே ஒரு மூட்டையை வீட்டுக்கு இழுத்து வந்து, வெந்நீரில் அலசிக் காயப்போட்டாள். கோபத்தில்தான் முதல் துணியை வெட்டினாள். புருஷன் காதர், ராயப்பேட்டைப் பக்கம் கார் சீட் கவர் தைக்கிறவர். பலகை உப்பிப்போன கட்டிலின் சட்டத்தைக் கழற்றி, இரண்டு பக்கமும் வரிசையாக ஆணி அடித்துக் கொடுத்தார். ஆணிக்கு ஆணி நூலை இழுத்துக் கட்டினால் அது பாவு. துணியை நாடாவாக வெட்டி, மேலும் கீழுமாக விட்டு, சீப்பு மாதிரி ஒரு பலகையால் இறுக்கினால் கால்மிதி. பனியன் துணி இருக்கிறதே, அதை அடியிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரே நாடாவாக வெட்டிவிடலாம். இழுத்துவிட்டால் தானே சுருண்டு கயிறாகிவிடும். ஒட்டுப்போடவே வேண்டாம்.

மேல்மாடியில் இருக்கிற அன்புச்செல்வி மகளிர் குழு நடத்துகிறவள், வாயாடி, நல்லவள். அவள்தான் அதைப் பார்த்துவிட்டு, "ஹானிக்கா, இத்த சும்மா போட்டு வெச்சுக்கினு கீறியே, நான் வித்துத் தரேன்" என்றாள். பழந்துணியைக் கொண்டுவந்து போடுவதும் அவள்தான், நெய்ததை அடுக்குமாடிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் கொண்டுபோவதும் அவள்தான். அடையாறிலும் தி. நகரிலும் எத்தனையோ வாசல்களில் ஹானியின் கை கிடந்தது. ஹானி மட்டும் எந்த வாசலையும் போய்ப் பார்த்ததில்லை.

மகன் ஷோயப் வெள்ளத்தின்போது சின்னப் பையன். கிழிப்பதற்கும் வெட்டுவதற்கும் அவனைப் பிடித்து உட்கார வைத்துவிடுவாள். காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்தபடியே வெட்டுவான். நாடா ஒரு பக்கம் பட்டையாகவும் ஒரு பக்கம் நூலாகவும் போகும். நந்தனத்தில் காலேஜ் சேர்ந்த பிறகு வாய் இன்னும் நீண்டுவிட்டது. "மெட்ராஸே உன் மேல காலைத் தொடச்சிக்கினு கீதும்மா" என்பான். ஒரு நாள் சொன்னான்:

"எல்லாருக்கும் நெய்யறியே, எனக்கு ஒரு முஸல்லா நெய்ஞ்சு குடேன்."

தொழுகைக்கு விரிக்கிற விரிப்பை அவன் இப்படிச் சாதாரணமாகக் கேட்டதில் ஹானிக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "கண்டவன் போட்ட துணிலயா? எதுல பட்டுதோ, எப்படிக் கெடந்துதோ. அது மேல நெத்திய வெப்பியா?"

"அப்ப என் துணில நெய்யி."

"உன் சட்டைங்க பழசாவட்டும். அப்பால பாத்துக்கலாம்."

அவன் சட்டைகள் பழசாகவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பையன்களோடு பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனான். நீச்சல் தெரியாது, முழங்கால் மட்டும்தான் நனைப்பான். எல்லாப் பிள்ளைகளும் முழங்கால் மட்டும்தான் நனைக்கிறார்கள். அலை இழுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் சற்றுத் தள்ளி அதே கரையில் கொண்டுவந்து போட்டது. இறங்குவதற்கு முன்னால் கழற்றி வைத்த மஞ்சள் டீ ஷர்ட்டை ஒரு பையன் மடித்துக் கொண்டுவந்து ஹானியின் கையில் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டாளே தவிர, என்னவென்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

அதன்பிறகு அந்த வீட்டில் மீன் சமைக்கவில்லை. காதர் வண்டியைக் கடற்கரைப் பக்கம் திருப்புவதே இல்லை. எதற்காகப் போனாலும் சுற்றிக்கொண்டுதான் போவார்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் சொந்தக்காரர்கள் வந்து, துணிமணிகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்கள். அதுதான் வழக்கம், பிள்ளைக்கும் நன்மை என்றார்கள். ஹானி பேன்ட்டுகளைக் கொடுத்தாள். பெருநாளுக்கு எடுத்த ஜிப்பாவைக் கொடுத்தாள். பனியன் துணிச் சட்டைகளை மட்டும் சமையலறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பெற்ற பிள்ளையின் சட்டையைத் தன் வீட்டிலேயே திருடி ஒளித்துவைக்கிற நிலை எந்தத் தாய்க்கும் வர வேண்டாம்.

அவற்றை வெட்டுவதற்கு ஒரு மாதம் யோசித்தாள். கத்தரிக்கோலை எடுப்பாள், வைப்பாள். வெட்டாமல் வைத்தால் ஒரு நாள் யார் கண்ணிலாவது பட்டுப் போய்விடும். வெட்டினால் சட்டை போய்விடும். கடைசியில், அவன் கேட்டதைத்தானே செய்கிறோம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு முதல் வெட்டை வெட்டினாள். வெட்டி முடிக்கிறவரை நிமிரவில்லை. ஒன்றில் சிங்கத்தின் முகம் இருந்தது. தொழுகிற விரிப்பில் முகம் இருக்கக் கூடாது. நாடாவாக வெட்டியதும் சிங்கம் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோயிற்று. மஞ்சளை நெற்றி படுகிற இடத்துக்கு வைத்தாள். இருந்தது ஒரே சட்டம்தான் என்பதால் அகலம் கால்மிதியின் அகலமாகவே அமைந்தது. பாவை இரண்டு தடவை நகர்த்திக் கட்டி நீளத்தை மட்டும் கூட்டினாள்.

அதைத் துவைக்கவே இல்லை. தொழுதுவிட்டுச் சுருட்டி பீரோவின் மேல் வைத்துவிடுவாள். மஞ்சளில் நெற்றி படும்போது உப்பும் அவன் வியர்வையும் கலந்த ஒரு வாசனை வரும். உண்மையில் வந்ததா, இவளாக நினைத்துக்கொண்டாளா என்பதை யார் சொல்வது? அவளுக்கு வந்தது.

காதர் பள்ளிவாசலில் தொழுகிறவர். ஒரு முறை காய்ச்சல் வந்து வீட்டிலேயே தொழுதார், அந்த விரிப்பில். சஜ்தாவில் நெற்றியை வைத்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஹானி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு பீரோவின் மேல் என்ன இருக்கிறது என்று அவர் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது.

விரிப்பு கைவிட்டுப் போனதற்கும் அதுதான் காரணமாயிற்று. மழைக்காலத்தில் ஒரு நாள், திருவான்மியூரில் இருக்கும் தங்கை பாத்ரூமில் விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது என்று போன் வந்தது. அப்போதுதான் தொழுது முடித்து விரிப்பைச் சுருட்டியிருந்தாள் ஹானி. பதற்றத்தில் பீரோவின் மேல் வைக்காமல், சுவரோரம் விற்பனைக்கு அடுக்கியிருந்த கால்மிதிகளின் மேல் வைத்துவிட்டு ஓடினாள். மறுநாள் அன்புச்செல்வி சரக்குக்கு வந்தாள். மூட்டை கட்டிக் கொடுத்தவர் காதர். அகலம் ஒன்றுதான், எல்லாம் சுருட்டியிருந்தது. அவர் பார்க்கப் பழகாத ஒன்று கைக்கு வந்தது, கட்டிவிட்டார்.

தங்கை வீட்டிலிருந்து திரும்பி வந்து பீரோவின் மேல் கையை விட்டுத் துழாவினபோது ஹானி போட்ட சத்தத்துக்கு மேல்மாடியெல்லாம் ஓடி வந்தது. காதர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் கட்னேன். என் கையாலதான் கட்னேன்" என்றார். அவரைத் திட்ட ஹானிக்கு வாய் வரவில்லை. அங்கே வைத்தவள் அவளல்லவா?

"குளத்தாண்ட ஒரு மண்டபத்துல ரெண்டு நாள் கடை போட்டோம்கா. நீட்டா கீதேன்னு ஒரு அம்மா ஆசையா வாங்கிக்கினு போச்சு. மாமிதான். எந்த வீடுன்னு நான் எப்டிக் கேப்பேன்?" என்று அன்புச்செல்வியும் அழுதாள்.

அப்படித்தான் மயிலாப்பூரில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். தேடியது கிடைக்கவில்லை, தேடாததெல்லாம் கண்ணில் பட்டது. தான் நெய்த கால்மிதிகளை இத்தனை வருஷத்தில் அவள் புதிதாகவேதான் பார்த்திருந்தாள். இப்போது செருப்புச் சேற்றோடும், காக்கை எச்சத்தோடும், காபி கொட்டின கறையோடும் வாசலுக்கு வாசல் கிடந்தன. ஒரு வீட்டில் பாதியாகக் கிழித்து பக்கெட்டுக்கு அடியில் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, அதுவும் இப்படித்தானே எங்கேயோ கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். விதவிதமான கால்கள் கனவில் வந்தன.

காரணீஸ்வரர் கோயில் பக்கத்தில் ஒரு பழைய அடுக்குமாடி. இரண்டாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. வாசலில் கால்மிதியே இல்லை. திரும்பப் போனவள், பழகின வாய் சும்மா இருக்காமல், "பழந்துணி இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

"இருக்கு, இருக்கு. உள்ள வாங்கோ. இவரைத் தனியா விட்டுட்டு என்னால வாசலுக்கு வர முடியாது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு மாமி. வேம்பு என்று பெயர் என்பது பிறகு தெரிந்தது. கூடத்தில் கட்டில், கட்டிலில் அவர் கணவர் ஸ்ரீனிவாசராகவன். ஒரு காலத்தில் ஏதோ காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்தவராம். இப்போது பேச்சு இல்லை. மாமி அவரை எழுப்பி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய கால் இரண்டும் தொங்கி, கட்டை விரலால் தரையைத் தடவித் தடவி எதையோ தேடின. தேடினது கிடைத்ததும் பாதத்தை அழுந்த ஊன்றிக்கொண்டார். மஞ்சளில்.

ஹானி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுந்துக்கறார் பாருங்கோ. தானா எழுந்துக்கறார்" என்றாள் மாமி, பெருமையாக. "மொசைக் தரை, ரெண்டு தரம் வழுக்கி விழுந்துட்டார். தலையில தையல். அப்பறம் தரையில காலே வெக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். குளத்தங்கரை மண்டபத்துல இதை வாங்கிண்டு வந்தேனோ இல்லையோ, கெட்டியாப் பிடிச்சுண்டுட்டார். காலால தடவிப் பாத்துட்டுத்தான் எழுந்துக்கறார்."

விரிப்பின் நடுவில் ஈரம் படர்ந்திருந்தது. மூத்திர வாடை. ஹானி அதைப் பார்த்தாள், அந்தக் கால்களைப் பார்த்தாள். நரம்பு புடைத்து, நடுங்கிக்கொண்டு, ஷோயபின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கால்கள். அதை எப்படி உருவுவது? உருவினால் அவர் விழுந்துவிடுவார். சத்தியமாக அந்த நிமிஷத்தில் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. அவர் மறுபடி உட்காருகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேவிவிட்டாள்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"இது என் பையன் சட்டைங்க மாமி. மௌத்தாயிட்டான். நான் நெய்ஞ்சது. தெரியாம விக்கிறதுல போயிடுச்சு."

வேம்பு மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். "பெருமாளே" என்றாள். ஹானியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். வாழ வேண்டிய பிள்ளையின் வஸ்திரத்தில் இத்தனை நாளாகக் காலை வைக்க விட்டோமே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பரவால்ல மாமி. நான் வேற ஒண்ணு நெய்ஞ்சு எடுத்தாறேன். இதே நீளத்துல, வழுக்காம. அது வரைக்கும் இது மேல கால் மட்டும் வெக்க வாணாம். எதனா போர்வைய மடிச்சுப் போடுங்க."

"இனிமே வெப்பேனா? நீங்க கவலையே படாதீங்கோ. நான் பாத்துக்கறேன். செய்ய வேண்டியதைச் சரியா செய்வேன்" என்றாள் மாமி.

அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று. மாற்று கொண்டுவருகிறேன் என்றால் இதை எடுத்துக்கொண்டு போவேன் என்றுதானே அர்த்தம், அதை வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா என்று ஹானி நினைத்தாள். சொல்லாமல் வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கிடைத்துவிட்டது என்று சொன்னதும் காதர் எழுந்து போய்த் தன் சட்டைகளில் நன்றாக இருந்த நான்கை எடுத்து வந்து போட்டார். "அந்தப் பெரியவர் காலுக்கு நல்லதா போடு. கண்டதப் போடாத" என்றார். பையன் போனதிலிருந்து அந்தச் சட்டத்தின் பக்கமே வராத மனுஷன், எதிரில் உட்கார்ந்து நாடா வெட்டினார். கடையிலிருந்து சீட் கவருக்கு அடியில் வைக்கிற ரப்பர் துணியைக் கொண்டுவந்து, விரிப்பின் அடியில் வைத்து மிஷினில் தைத்தார். தரையில் போட்டுக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. "இப்ப யானை நின்னாலும் வழுக்காது" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

ஷோயபின் விரிப்பு வந்ததும் அதை எப்படித் துவைப்பது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மூத்திரம் பட்டு நஜீஸாகியிருக்கிறது, ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசிவிட்டால் சுத்தம்தான். வாசனை போய்விடுமே என்றாள் ஹானி. போனால் போகட்டும், துணி இருக்கிறதே என்றார் காதர். அதற்குப் பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இந்தத் தபா நானும் அதுலயே தொழுறேன்" என்றார்.

நெய்து முடித்த மத்தியானமே கிளம்பினார்கள். பழைய விரிப்பைச் சுற்றித் திரும்பக் கொண்டுவர, வெள்ளைப் போர்வை ஒன்றைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் காதர். மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போய் வாங்கிக்கினு வா, நான் இங்கயே கீறேன்" என்றார். மாமி எதிரில் கண் கலங்கிவிடுமோ என்று பயம்.

வேம்பு மாமி புது விரிப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். கட்டில் பக்கத்தில் போட்டு, பெரியவரை எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தாள். கால் கொஞ்ச நேரம் தடவிச் சந்தேகப்பட்டது, அப்புறம் ஊன்றிக்கொண்டது. ஹானிக்கு நிம்மதியாக இருந்தது.

"மாமி, அது..." என்று இழுத்தாள்.

"அதை அன்னிக்கே நன்னா தோய்ச்சு, மடியா உலர்த்திட்டேன்" என்றாள் மாமி. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போயிட்டவா வஸ்திரத்தை ஆத்துல வெச்சுக்கப்படாது. குப்பையில போடற வஸ்துவா அது? ராத்திரியெல்லாம் யோசிச்சேன். பெத்தவ ஒருத்தி அதுக்காகத்தானே தெருத் தெருவா அலைஞ்சிருக்கா, அந்தக் குழந்தைக்கு ஒரு வழி பண்ணணும்னு தோணித்து. அமாவாசையன்னிக்கு எதிராத்துப் பொண்ணை இவர் பக்கத்துல உக்காத்தி வெச்சுட்டு, ஆட்டோ வெச்சுண்டு போனேன். பூ வெச்சு, சேவிச்சு, பட்டினப்பாக்கத்துல சமுத்திரத்துல விட்டுட்டு வந்தேன். அலை அப்படியே வந்து வாங்கிண்டு போச்சும்மா. ஒரு குறையும் இல்லாம பண்ணினேன்."

ஹானி நின்றாள். மாமியின் முகம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அழுது, நம்பி, தன் பிள்ளைக்குச் செய்வதுபோல் செய்துவிட்டு வந்து நிற்கிற முகம். முடங்கிக் கிடக்கும் கணவரை விட்டு வாசலுக்கு வரவே தயங்குகிறவள், அதற்காகக் கடற்கரை வரை போயிருக்கிறாள். பிள்ளை எப்படிப் போனான் என்று அவள் அன்றைக்குக் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப் போகிறது? இந்த வயதில் அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற வேண்டுமா?

"சரியாப் பண்ணினேனோ இல்லையோ?" என்று மாமி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லா செஞ்சீங்க மாமி" என்றாள் ஹானி. அந்த மூன்று வார்த்தையைச் சொல்வதற்குள் உயிர் போய் வந்தது.

எப்படிப் படி இறங்கினாள் என்று தெரியாது. காதர் போர்வையைப் பிரித்துக் கைகளில் ஏந்திக்கொண்டு நின்றிருந்தார், குழந்தையை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி. அவளுடைய வெறுங்கையைப் பார்த்தார்.

"எங்க?"

"கடல்ல உட்டுட்டாங்க. நல்லதுன்னு நெனச்சு. பட்டினப்பாக்கத்துல."

அவர் போர்வையை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். வண்டியை எடுத்தார். வீட்டுக்குத்தான் என்று நினைத்து ஹானி பின்னால் உட்கார்ந்தாள். வண்டி கிழக்கே திரும்பியது. "எங்கங்க? வாணாம், உட்டுடுங்க" என்று அவர் முதுகில் அடித்தாள். "அவனையே திருப்பிக் குடுத்துச்சே. துணியக் குடுக்காதா?" என்றார் காதர். 

மீன் கடைகளைத் தாண்டி மணலில் வண்டியைச் சாய்த்துவிட்டு நடந்தார். வெயில் இன்னும் இருந்தது. அலை ஒதுக்கின குப்பை கரை நெடுக ஒரு கோடு மாதிரிக் கிடந்தது. வாடின மாலை, பிளாஸ்டிக் பாட்டில், அறுந்த வலை, செருப்பு, நடுநடுவே துணி. எத்தனை துணி! யார் யார் போட்டு, யார் யார் விட்டதோ. காதர் ஒவ்வொன்றுக்கும் குனிந்தார். மணலிலிருந்து இழுத்தார், உதறினார், பார்த்தார், போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பேன்ட் முழங்கால் வரை நனைந்துவிட்டது. வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள், "இன்னா பாய் தேடறே?" என்று கேட்டான். காதர் அடுத்த துணிக்குக் குனிந்தார்.

ஹானியால் அவரைக் கூப்பிடவும் முடியவில்லை, கூடப் போகவும் முடியவில்லை. அந்தக் கடலைப் பார்க்கக் கூடாது என்று மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள். யா அல்லா, இன்னும் என்னதான் வேண்டும் உனக்கு என்று கேட்டுவிட்டு, கேட்டதற்குப் பயந்து உடனே வாய்க்குள் மன்னிப்பும் கேட்டாள்.

தூரத்திலிருந்து காதர் ஓடி வந்தார். அந்த வயதில், ஈரமணலில், மூச்சு வாங்க. கையில் ஒரு மஞ்சள் துண்டு, மணலும் பாசியும் ஒட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டு.

"பாரு ஹானி. இதானே? பாரு."

ஹானி வாங்கிப் பிழிந்தாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள். பனியன் துணி இல்லை. யாரோ பெண்பிள்ளையின் வாயல் புடவைக் கிழிசல். தொட்டதுமே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியாமல் இருக்காது. முப்பது வருஷமாகத் துணியைத் தொட்டுப் பிழைக்கிறவர்.

"இல்லீங்க" என்றாள்.

"நல்லா பாரு" என்றார் காதர்.

அவள் மறுபடியும் பார்த்தாள்.